கமிஷன் யாருக்குப் போகிறது? சுற்றுலாத் துறை வேலைகளைத் தொழில்நுட்பம் மாற்றும் விதம்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் முதுகுப்பையோடு ஒரு வெளிநாட்டுப் பயணி இறங்கினால், நான்கைந்து பேராவது அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுநர், ஒருவர் விடுதிக்கு ஆள் பிடிப்பவர், ஒருவர் வழிகாட்டி, இன்னொருவர் மாவுக்கல்லில் செதுக்கிய சின்னச் சின்னப் பிள்ளையார்களை உள்ளங்கையில் வைத்து நீட்டுபவர். எந்த விடுதியில் அறை காலியாக இருக்கிறது, கடற்கரைக் கோயிலுக்கு எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், ஐந்து ரதங்களை வெயில் ஏறுமுன் பார்ப்பது நல்லதா சாயங்காலம் பார்ப்பது நல்லதா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அவர்களிடம்தான் இருந்தது. அந்த விடைகளைக் கொடுத்துத்தான் அவர்கள் பிழைத்தார்கள். இன்று அதே இடத்தில் இறங்குபவர் கைப்பேசியைப் பார்த்தபடியே நடந்து போகிறார். அறையை ஒரு வாரத்துக்கு முன்பே பதிவு செய்துவிட்டார்; வழியைக் கூகுள் வரைபடம் சொல்கிறது; தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டை இணையத்திலேயே வாங்கிவிட்டார். சூழ்ந்துகொள்ளும் அந்த நான்கைந்து பேரில் சிலர் இப்போதும் அங்கே நிற்கிறார்கள். அவர்களிடம் கேட்க அவருக்குத்தான் கேள்வி எதுவும் இல்லை.

புதிய தொழில்நுட்பம் வந்தால் வேலை போய்விடும் என்று சிலர் சொல்வதும், பழைய வேலை போனால் புதிய வேலை வரும் என்று வேறு சிலர் ஆறுதல் சொல்வதும் நமக்குப் பழகிய பேச்சுகள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், எந்த வேலை, யாருடைய வேலை, எந்த ஊரில் இருக்கும் வேலை என்பதை இரண்டுமே சொல்வதில்லை. உலகப் பயண, சுற்றுலா மன்றத்தின் கணக்குப்படி 2019 ஆம் ஆண்டில் உலகத்தில் இருந்த பத்து வேலைகளில் ஒன்று நேரடியாகவோ மறைமுகமாகவோ சுற்றுலாவைச் சார்ந்திருந்தது. விமானியும் அதில் அடக்கம், விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றுபவரும் அடக்கம், இளநீர் வெட்டுபவரும் அடக்கம். இத்தனை விதமான மனிதர்களுக்கு ஒரே விடையைச் சொல்லிவிட முடியாது. எனவே அடிப்படையான ஒரு வேறுபாட்டிலிருந்து தொடங்குவோம்.

வேலை வேறு, பணி வேறு

வேலை என்று நாம் பெயரிட்டு அழைப்பது உண்மையில் பல சிறு பணிகளின் தொகுப்பு. பத்து அறைகள் கொண்ட ஒரு சிறிய விடுதியின் வரவேற்பு மேசையில் அமர்ந்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தொலைபேசியை எடுத்து அறை இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறார், பெரிய பதிவேட்டில் விருந்தினரின் பெயர், முகவரி, எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார் என்பதை எழுதிக்கொள்கிறார், முன்பணம் வாங்குகிறார், சாவி கொடுக்கிறார், இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சலோடு வருபவருக்கு எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்று சொல்கிறார், குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று கோபத்தோடு வருபவரைச் சமாதானப்படுத்துகிறார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலைக் குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நெடுங்காலம் ‘சி படிவம்’ என்று அழைக்கப்பட்டு வந்த அந்தத் தாளை நிரப்பி அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வதும் அவருடைய தலையில்தான் இருந்தது.

தொழில்நுட்பம் இந்தத் தொகுப்பை ஒட்டுமொத்தமாகத் தூக்கிக்கொண்டு போவதில்லை. உள்ளிருக்கும் பணிகளை ஒவ்வொன்றாக உருவுகிறது. அறை இருப்பைச் சொல்லும் பணி முன்பதிவுத் தளத்துக்குப் போகிறது. முன்பணம் வாங்கும் பணி யுபிஐக்குப் போகிறது. சி படிவம் இணையப் படிவமாகிவிட்டதால் அலைச்சல் குறைந்திருக்கிறது. ஆனால் கடவுச்சீட்டையும் விசாவையும் படமெடுத்துப் பதிவேற்றும் புதிய பணி வந்து சேர்ந்திருக்கிறது. வெந்நீர் வராததற்குச் சமாதானம் சொல்லும் பணியை எந்தச் செயலியும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒரு வேலை நிலைக்குமா என்று பார்ப்பதற்கு, அதிலிருந்து எத்தனை பணிகள் போய்விட்டன என்று எண்ணினால் போதாது. மீதமிருக்கும் பணிகளுக்கு யாராவது காசு கொடுப்பார்களா என்றும் பார்க்க வேண்டும். முன்பு மூவர் முறை வைத்துப் பார்த்த வரவேற்பு மேசையை இப்போது ஒருவரே பார்த்துக்கொண்டு, அவரே மின்தூக்கியையும் மோட்டார் பம்பையும் கவனித்துக்கொள்ளும் விடுதிகள் எத்தனையோ உண்டு. அங்கே வேலையின் பெயர் மாறவில்லை, ஆள் எண்ணிக்கை மாறியிருக்கிறது.

திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

பயண முகவரின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 1841 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு மதுவிலக்கு இயக்கத்தினர் சுமார் 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, ரயிலில் கூட்டிச் சென்றார். ரயில் அவருடையதல்ல. ரயில்வே நிறுவனத்தோடு பேசி, விலை முடித்து, ஆட்களைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே கட்டணத்துக்குள் அடக்கிய வேலைதான் அவருடையது. பயண முகவர் தொழில் முழுவதுமே இந்த அடித்தளத்தின் மேல் எழுந்ததுதான்: பயணிக்குத் தெரியாதது முகவருக்குத் தெரியும், அந்த இடைவெளிக்குத்தான் விலை.

கணினி வந்தவுடன் இந்தத் தொழில் சாய்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. 1960களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து சேபர் என்ற கணினி முன்பதிவு அமைப்பை உருவாக்கின. 1976 இலிருந்து அதன் முனையங்கள் பயண முகவர்களின் அலுவலகங்களுக்கே வந்தன. எந்த விமானத்தில் எத்தனை இருக்கைகள் காலி, என்ன விலை என்பதைக் காட்டும் திரை முகவரின் பக்கம் திரும்பியிருந்தது. மேசைக்கு எதிரே இருந்த பயணிக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் கணினி அந்த இடைத்தரகரை வலுப்படுத்தவே செய்தது. 1996 இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பீடியா என்ற இணைய முன்பதிவுத் தளத்தைத் தொடங்கியதும், அதே ஆண்டு நெதர்லாந்தில் பிற்காலத்தில் புக்கிங்.காம் ஆகப்போகிற நிறுவனம் பிறந்ததும்தான் திருப்பம். திரை பயணியின் பக்கம் திரும்பியது. ஆகவே கணினியின் வருகையை விட, தகவலைக் காட்டும் திரை யார் கையில் இருக்கிறது என்பதே இந்தத் தொழிலின் தலையெழுத்தைத் தீர்மானித்தது என்று சொல்லலாம்.

நம் ஊரில் இதை ரயில் சீட்டில் பார்த்தோம். விடியற்காலை நான்கு மணிக்கே நிலையத்து முன்பதிவு வரிசையில் ஆள் நிறுத்தும் முகவரைத் தெரியாத தலைமுறை ஒன்று இப்போது வளர்ந்துவிட்டது. ஐஆர்சிடிசி 2002 இல் இணைய முன்பதிவைத் தொடங்கியபோது, கணினியில் பதிவு செய்த சீட்டு கூரியரில் வீட்டுக்கு வந்தது. தாளே தேவைப்படாத இ-டிக்கெட் 2005 இல்தான் வந்தது. இன்று முன்பதிவுச் சீட்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இணையத்தில்தான் விற்பனையாகின்றன. தட்கல் சீட்டில் முகவர்களின் கை நீண்டுவிடக் கூடாது என்பதற்காக, முன்பதிவு தொடங்கும் முதல் அரை மணி நேரம் அவர்களைத் தள்ளிவைக்கும் விதியை ரயில்வே 2025 ஜூலையில் கொண்டுவந்தது. தொழில்நுட்பம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தரகரை விலக்க விதி போட வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தாமஸ் குக் தொடங்கிய நிறுவனம் 178 ஆண்டுகள் நடந்து 2019 செப்டம்பர் 23 அன்று மூடப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 21,000 பேர் அதில் வேலை பார்த்தார்கள். வெளிநாடுகளில் சிக்கிய சுமார் 1,50,000 பிரிட்டன் பயணிகளை அந்நாட்டு அரசு விமானம் ஏற்பாடு செய்து திரும்ப அழைத்துவந்தது. இணையம்தான் அந்த நிறுவனத்தைக் கொன்றது என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுவது சரியாகாது. அதன் தலைக்கு மேல் பெருங்கடன் இருந்தது. ஆனாலும் வீதிதோறும் கடை விரித்து நேரில் சீட்டு விற்ற ஒரு நிறுவனத்துக்கு, வாடகையும் சம்பளமும் இல்லாத இணையதளத்தோடு போட்டி போடும்போது கடன் இன்னும் கனக்கும். (இந்தியாவில் இயங்கும் தாமஸ் குக் அதற்கு முன்பே வேறு உரிமையாளரிடம் போய்விட்ட தனி நிறுவனம், அது தொடர்ந்து நடக்கிறது.)

தரகர் போனார், தரகு போகவில்லை

விற்பவரும் வாங்குபவரும் நேரடியாகச் சந்தித்துக்கொண்டால் நடுவில் இருப்பவர் தேவையற்றுப் போவார் என்பது இணையம் வந்த புதிதில் எல்லோரும் சொன்ன சூத்திரம். அது பாதிதான் பலித்தது. பழைய தரகர் விலகிய இடத்தில் அவரைவிடப் பன்மடங்கு பெரிய தரகர் வந்து அமர்ந்துகொண்டார். 2000 இல் மேக்மைட்ரிப் என்ற பயண முன்பதிவுத் தளம் வந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போகப் பேருந்துச் சீட்டு கிடைக்காமல் பெங்களூருவில் அலைந்த ஓர் இளைஞரின் அனுபவத்திலிருந்து 2006 இல் ரெட்பஸ் பிறந்தது. 2008 இல் சான்பிரான்சிஸ்கோவில் ஏர்பிஎன்பி, 2013 இல் இந்தியாவில் ஓயோ என்று வரிசை நீண்டது. இவற்றில் பெரும்பாலானவை சொந்தமாக விடுதியோ பேருந்தோ வைத்துத் தொழில் செய்பவை அல்ல. அவற்றின் பலமெல்லாம் வாடிக்கையாளரின் கைப்பேசிக்குள் இருக்கும் இடம்தான்.

இதன் பொருளை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் ஓர் அறையின் வாடகை ஓரிரவுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவுத் தளத்தின் கமிஷன் 20 சதவீதம் என்றால் 500 ரூபாய் போய்விடும். அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய். விடுதி உரிமையாளரின் கைக்கு வருவது 1,910 ரூபாய். தேடல் பட்டியலில் மேலே தெரிய வேண்டும் என்றால் கமிஷனைக் கூட்ட வேண்டும், அல்லது தளம் அறிவிக்கும் தள்ளுபடியில் பங்கேற்க வேண்டும். மாதத்தில் நூறு அறை-இரவுகள் இப்படி விற்றால் கமிஷனும் வரியுமாகப் போவது 59,000 ரூபாய். ஒரு சிறிய விடுதியில் மூன்று நான்கு பேருக்குக் கொடுக்கக்கூடிய சம்பளம் அது.

ஆட்டோ ஓட்டுநர் விருந்தினரைக் கூட்டிவந்தால் அவருக்கும் விடுதி கமிஷன் கொடுத்துத்தானே வந்தது என்று கேட்கலாம். கொடுத்தது. அந்தக் கமிஷனுக்காக அவர் பயணியைத் தனக்கு வேண்டிய விடுதிக்கும், பிறகு தனக்கு வேண்டிய சிற்பக் கடைக்கும் இழுத்துக்கொண்டு போனதும் உண்டு. ‘நீங்கள் கேட்ட விடுதி மூடிவிட்டார்கள்’ என்று கூசாமல் பொய் சொன்னவர்களும் உண்டு. பயணியின் பார்வையில் முன்பதிவுத் தளம் நிச்சயமாக நல்ல மாற்றம். வேறுபாடு பணம் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. ஓட்டுநருக்குக் கொடுத்த கமிஷன் அன்று சாயங்காலமே அதே தெருவின் மளிகைக் கடைக்கும் டீக்கடைக்கும் வந்து சேர்ந்தது. தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் ஊரைவிட்டுப் போகிறது. அதில் ஒரு பகுதி குருகிராமிலோ பெங்களூரிலோ ஆம்ஸ்டர்டாமிலோ ஒரு மென்பொருள் பொறியாளரின் சம்பளமாகிறது. அதுவும் சுற்றுலாத் துறை தந்த வேலைதான். சுற்றுலாத் தலத்தில் இல்லாத சுற்றுலா வேலை. புதிய வேலைகள் எத்தனை உருவாகின என்று மட்டும் எண்ணுகிறவர்கள் இந்த இடமாற்றத்தைக் கவனிப்பதில்லை என்பதே என் குறை.

விடுதி உரிமையாளர் தன் சொந்த வாசலில் விலையைக் குறைத்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். பல ஒப்பந்தங்கள் அதற்குக் கட்டுப்பாடு விதித்தன. தளத்தில் போட்ட விலையைவிடக் குறைவாக வேறு தளத்திலோ, தன் சொந்த இணையதளத்திலோ கூடக் கொடுக்கக் கூடாது என்பது அந்த நிபந்தனை. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப், கோஐபிபோ நிறுவனங்களுக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்த ஆணையில் இது போன்ற நிபந்தனைகளும் முக்கிய இடம் பெற்றன. வேலைவாய்ப்பைப் பற்றிய கட்டுரையில் அபராதக் கணக்கு எதற்கு என்றால், மேசைக்குப் பின்னால் இருப்பவரின் சம்பளம் எவ்வளவு உயர முடியும் என்பதை இந்த ஒப்பந்த வரிகள்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

டைனோசர் வரவேற்பாளர்

இயந்திர மனிதர்கள் வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு ஜப்பானில் நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்வது பொருத்தம். நாகசாகி மாநிலத்தில் ஹென் நா ஹோட்டல் 2015 ஜூலையில் திறக்கப்பட்டது. வரவேற்பு மேசையில் தொப்பி வைத்த டைனோசர் பொம்மை, பெட்டி தூக்கும் இயந்திரம், அறைக்குள் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு சிறு பொம்மை என்று எங்கும் ரோபோக்கள். ரோபோக்களைப் பணியாளர்களாகக் கொண்ட முதல் ஹோட்டல் என்று கின்னஸ் பதிவும் கிடைத்தது. ஆனால் 2019 தொடக்கத்தில், இருந்த 243 ரோபோக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அந்த ஹோட்டல் நிறுத்திவிட்டது. அறையில் இருந்த பொம்மை விருந்தினரின் குறட்டையைக் கேள்வி என்று நினைத்துக்கொண்டு, ‘சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்’ என்ற தோரணையில் நள்ளிரவில் அவரை மீண்டும் மீண்டும் எழுப்பியதாம். பெட்டி தூக்கும் இயந்திரங்களால் எல்லா அறைகளுக்கும் போக முடியவில்லை. பழுதான ரோபோக்களைக் கவனிக்கவே பணியாளர்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது.

இயந்திரம் தோற்றுவிட்டது என்று இதைக் கொண்டாட வேண்டியதில்லை; அடுத்த தலைமுறைப் பொம்மைக்குக் குறட்டைக்கும் கேள்விக்கும் வேறுபாடு தெரிந்துவிடும். கவனிக்க வேண்டியது வேறு. சுருங்கிக் கிடக்கும் விரிப்பை உதறிப் போடுவது, குளியலறையின் மூலையில் ஒட்டியிருக்கும் ஒற்றை முடியைப் பார்த்துத் துடைப்பது, குழந்தை வாந்தியெடுத்த கம்பளத்தைச் சுத்தம் செய்வது போன்ற கை வேலைகள் இயந்திரத்துக்கு மிகவும் கடினமானவை. கணக்கு எழுதுவதும் பதில் சொல்வதும்தான் அதற்கு எளிது. படித்தவரின் வேலை பத்திரம், உடலுழைப்பாளியின் வேலைதான் ஆபத்து என்ற நம் வழக்கமான எண்ணத்துக்கு இது நேர் எதிர். ஆனால் பத்திரமான வேலை என்பதாலேயே அது நல்ல வேலையாகிவிடாது. அறை துடைப்பவரின் வேலை போகவில்லை. எந்த அறையை எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்பதைச் செயலி குறித்துக்கொள்ளும் விடுதிகளில், ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஐந்து நிமிடம்தான் போய்விட்டது.

பூனையைக் காட்டுபவர்

வழிகாட்டியின் நிலை இவற்றைவிடச் சிக்கலானது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் அந்தப் பெரும் புடைப்புச் சிற்பத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் அந்தத் தொழிலின் எல்லாப் படிகளையும் பார்த்துவிடலாம். பல்லவர் காலம், ஏழாம் நூற்றாண்டு, ஒற்றைக் காலில் தவம் செய்பவர் அர்ச்சுனன் என்று மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறவர் ஒருவர். இந்தத் தகவல் அத்தனையும் இப்போது கைப்பேசியில், பயணியின் தாய்மொழியிலேயே, காசில்லாமல் கிடைக்கிறது. ஜப்பானிய மொழி தெரியும், பிரெஞ்சு தெரியும் என்ற ஒரே தகுதியால் கிடைத்த கூடுதல் கட்டணத்தையும் மொழிபெயர்ப்புச் செயலிகள் அரித்துக்கொண்டிருக்கின்றன. 2022 இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்த பிறகு, அந்தக் கைப்பேசியிடம் குறுக்குக் கேள்வியும் கேட்கலாம். அது சில சமயம் தவறான விடையை உறுதியான குரலில் சொல்லும். அந்தப் பழக்கம் மனித வழிகாட்டிகளிடமும் இருந்ததுதான்.

இன்னொருவர் கூட்டத்தில் சலித்துப்போய் நிற்கும் சிறுவனைப் பார்த்துவிட்டு, பெரிய யானையின் காலடிக்கு அருகே அவன் பார்வையைத் திருப்புகிறார். அங்கே ஒரு பூனை, மேலே தவம் செய்யும் முனிவரைப் போலவே நிமிர்ந்து நின்று இரு கைகளையும் தூக்கியிருக்கிறது. அதைச் சுற்றி எலிகள். பூனை ஏன் தவம் செய்கிறது என்று அவனையே கேட்கிறார். அவன் விடையைக் கண்டுபிடித்துச் சிரித்த பிறகு, தவம் செய்பவர் அர்ச்சுனன் அல்ல, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்று சொல்கிறவர்களும் உண்டு என்று பெரியவர்களின் பக்கம் திரும்பி, பாறையின் நடுப்பிளவைக் காட்டி, மழைநீர் அதன் வழியே இறங்கினால் காட்சி எப்படியிருக்கும் என்று கற்பனை செய்யச் சொல்கிறார். பூனையைப் பற்றிய தகவல் கைப்பேசியிலும் இருக்கிறது. எந்த நொடியில் யாரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்பது அந்த மனிதரிடம் இருக்கிறது. இவருக்குக் கட்டணம் குறையக் காரணமில்லை. முதலாமவருக்கு இனி ஆள் கிடைப்பதே அரிது. ஒரே அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் இரண்டு பேரின் வருமானத்துக்கு நடுவே இப்படி இடைவெளி விரிவதுதான் தொழில்நுட்ப மாற்றத்தின் முக்கியமான விளைவு. சராசரிக் கணக்கில் இது தெரியாது.

இரண்டாமவர் தானே தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளவும் இப்போது வழி இருக்கிறது. ஏர்பிஎன்பி 2016 இல் ‘அனுபவங்கள்’ என்ற பிரிவைத் தொடங்கி, அறை வாடகைக்கு விடுவது போலவே நடைப்பயணம், சமையல் வகுப்பு போன்றவற்றை உள்ளூர்க்காரர்களே விற்க இடம் கொடுத்தது. தரகு 20 சதவீதம். அதில் நிலைக்க வேண்டுமானால் நல்ல படம் எடுக்கவும், ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதவும், மதிப்புரைகளுக்கு அன்றாடம் பதில் போடவும் தெரிய வேண்டும். வழிகாட்டியின் தொகுப்பில் கதை சொல்லும் பணியோடு கடை நடத்தும் பணியும் சேர்ந்துகொண்டது. அறுபது வயதில் இதைப் புதிதாகக் கற்பது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

சுற்றுலாத் தலப் புகைப்படக்காரரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கன்னியாகுமரியிலும் ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றவர்களின் தொகுப்பில் ஒரே ஒரு பணிதான் இருந்தது. அது ஒவ்வொருவருடைய சட்டைப்பைக்கும் வந்துவிட்டது. சிறிய அச்சு இயந்திரத்தைத் தோள்பையில் வைத்துக்கொண்டு அங்கேயே படத்தை எடுத்துக் கொடுப்பவர்கள், தாளில் படம் வேண்டும் என்ற ஆசை மிச்சமிருக்கும்வரை இருப்பார்கள்.

ரூபாய் நோட்டுகள் குறைந்ததில் யாரும் அதிகம் பேசாத ஓர் இழப்பு ரூம் பாயுடையது. பெட்டியைத் தூக்கிவந்து வைத்தவரிடம் இருபதோ ஐம்பதோ கொடுக்கும் பழக்கம், பையில் சில்லறை இருந்தவரை தானாக நடந்தது. இப்போது விருந்தினர் ‘காசு இல்லையே, ஜிபே இருக்கிறதா?’ என்று கேட்க வேண்டும், இவர் கூச்சத்தோடு தன் எண்ணைச் சொல்ல வேண்டும். பல விடுதிகளில் அதை நிர்வாகம் அனுமதிப்பதில்லை. அதற்குப் பதிலாகக் கிடைப்பது கூகுள் மதிப்புரையில் ‘இன்னார் அன்பாகக் கவனித்தார்’ என்ற ஒரு வரி. அந்த வரி விடுதிக்கு அடுத்த விருந்தினரைக் கொண்டுவரும். அவருடைய சம்பளச் சீட்டில் அது எந்த வடிவத்திலும் தெரியாது.

மலையடிவாரத்தில் ஒரு சோதனைச் சாவடி

இதுவரை சொன்னவை வணிக நிறுவனங்கள் கொண்டுவந்த தொழில்நுட்பம். அரசும் நீதிமன்றமும் கொண்டுவருவது வேறு வகை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. முதலில் எத்தனை வண்டிகள் வருகின்றன என்று எண்ணுவதே நோக்கமாக இருந்தது; 2025 ஏப்ரல் 1 முதல் கோடைக்காலத்தில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வந்தது. எதிர்ப்புத் தெரிவித்து நீலகிரி வணிகர்கள் மறுநாளே கடையடைப்பு நடத்தினார்கள்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நின்று பார்த்தால், ஓர் இணையப் படிவம் எத்தனை பேருடைய வேலையைத் தொடுகிறது என்பது தெரியும். ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒரு புதிய வேலை. இ-பாஸ் என்ற சொல்லையே அப்போதுதான் கேள்விப்படும் குடும்பத்துக்கு வாடகைக் கார் ஓட்டுநர் தன் கைப்பேசியில் பெயர், வண்டி எண், தங்குமிடம் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கொடுக்கிறார். பழைய வேலையில் சம்பளமில்லாமல் சேர்ந்த புதிய பணி. மேலே ஊட்டியில், முன்பதிவில்லாமல் சனிக்கிழமை வந்து இறங்கும் கூட்டத்தை நம்பியிருந்த சிறு விடுதிகளுக்கு வருமானம் பாதிக்கப்படும் என்ற கவலை. வாகனப் புகையும் நெரிசலும் குறைந்தால்தான் பத்தாண்டு கழித்தும் அங்கே சுற்றுலா இருக்கும் என்பதால் நான் இந்தக் கட்டுப்பாட்டை ஆதரிக்கிறேன். ஆனால் அதன் சுமை முதலில் யார் தோளில் ஏறுகிறது என்பதைப் பார்க்காமல் ஆதரிக்க முடியாது.

இந்தத் துறைக்குள் இப்போது நுழைய நினைக்கும் இளைஞருக்கு, இருபது ஆண்டுகளுக்கு முன்பு இல்லாத பெயருடைய வேலைகள் காத்திருக்கின்றன. நாளுக்கு நாள் அறை விலையை ஏற்றி இறக்கும் வருவாய் மேலாளர், ஐந்தாறு தளங்களில் ஒரே அறை இருமுறை விற்றுவிடாதபடி பார்த்துக்கொள்பவர், விடுதிக்காகக் காணொளி எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுபவர் என்று பட்டியல் நீளும். பெரிய ஹோட்டல்களில் இவை தனித்தனி நாற்காலிகள். பத்து அறை விடுதியில் எல்லாம் அதே வரவேற்பு மேசைக்காரரின் தலையில்தான்.

அந்த மேசையில் நடக்கும் ஒரு சிறிய மாற்றம் சுவையானது. பெரிய முன்பதிவுத் தளங்கள் சில, விருந்தினரின் உண்மையான மின்னஞ்சல் முகவரியை விடுதிக்குக் கொடுப்பதில்லை. தளம் வழியாகவே போய்ச் சேரும் ஒரு மாற்று முகவரியைத்தான் தருகின்றன. மூன்று நாள் தங்கிப் போனவருக்கு அடுத்த டிசம்பரில் விடுதி நேரடியாகக் கடிதம் எழுத முடியாது. அவர் தளம் வழியாக மீண்டும் வந்தால், ஓர் இரவுக்குக் கமிஷனும் வரியுமாக மீண்டும் 590 ரூபாய். அதனால் சில விடுதிகளில், கணினி வந்த பிறகு பரணில் ஏற்றிய பெரிய பதிவேடு மறுபடியும் மேசைக்கு இறங்கியிருக்கிறது. விருந்தினர் சாவி வாங்கும்போது வரவேற்பாளர் அதைத் திருப்பி வைத்து, பேனாவையும் கொடுத்து, பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தைக் காட்டி, ‘உங்கள் வாட்ஸ்அப் எண்ணை எழுதிவிடுங்கள் சார், அடுத்த முறை நேராக எங்களிடமே சொல்லிவிட்டு வரலாம்’ என்கிறார்.